கழுகுக்குப் பொங்கல், காவல்காரருக்கு என்ன?

நேபாளத்தைப் பற்றித் தமிழர்களுக்கு மூன்று சொற்கள் தெரியும்: கூர்க்கா, மோமோ, பசுபதிநாத். முதலாவது ராத்திரி விசிலோடு தெருவில் போகும். இரண்டாவது சாயங்காலம் சிவப்புச் சட்னியோடு தட்டில் வரும். மூன்றாவது வடநாட்டு யாத்திரை நடத்தும் டிராவல்ஸ்காரரின் நோட்டீஸில் இருக்கும். இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் நேபாளம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். இந்தக் கட்டுரையில் என் சண்டை அந்த மூன்று சொற்களோடுதான். கடைசியில் ஒரு கோரிக்கையும் வைக்கப்போகிறேன். பயப்பட வேண்டாம், வீட்டுக்கு 250 ரூபாய்தான் செலவு.

நான் திருக்கழுக்குன்றத்துக்காரன். கிழக்கே போனால் மாமல்லபுரம், மேற்கே போனால் செங்கல்பட்டு. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இன்றைக்குள் இந்த வட்டாரமே மாறிவிட்டது. கடற்கரைச் சாலையில் ரிசார்ட்டுகள், ஓஎம்ஆரில் மென்பொருள் கம்பெனிகள், செங்கல்பட்டுப் பக்கம் அடுக்குமாடிகள். மூன்றுக்கும் வாசலில் ஒருவர் நிற்க வேண்டும், அடுப்படியில் ஒருவர் நிற்க வேண்டும், கக்கூஸ் கழுவ ஒருவர் வேண்டும். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதி நேபாளிகள். நானும் அந்த மென்பொருள் கம்பெனிகளில் ஒன்றில்தான் வேலை பார்க்கிறேன். நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் வாசலில் ராத்திரி பூராவும் உட்கார்ந்திருப்பவர் ஒரு நேபாளி. அவரை எங்கள் குடியிருப்பில் பெரும்பாலானவர்கள் ‘பகதூர்’ என்று கூப்பிடுகிறார்கள். அவர் பெயர் அது இல்லை. அவருக்கு முன்னால் இருந்தவரையும் பகதூர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் பெயரும் அது இல்லை.

கூர்க்கா

கோர்க்கா என்பது ஓர் ஊர். காத்மாண்டுவுக்கு மேற்கே இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் அங்கே ஆண்ட பிருத்வி நாராயண ஷா அக்கம்பக்கத்து மலை அரசுகளையெல்லாம் பிடித்துச் சேர்த்ததுதான் இன்றைய நேபாளத்தின் தொடக்கம். 1814 முதல் 1816 வரை கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அவர்களுக்கும் போர் நடந்தது. கம்பெனி ஜெயித்தது. எதிரிகள் போட்ட சண்டையைப் பார்த்துவிட்டு, அவர்களையே கூலிக்கு எடுத்துத் தன் படையில் சேர்த்துக்கொண்டது. மகர், குருங், ராய், லிம்பு என்று தனித்தனி இனம், தனித்தனி மொழி கொண்டவர்களை ஒரே பெயரில் போட்டுக் கட்டினார்கள். 1947இல் அந்தப் பத்து ரெஜிமென்டுகளில் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரிட்டனுக்கும் பிரித்துக்கொள்ளப்பட்டன. ஆக, கூர்க்கா என்பது வெள்ளைக்காரன் ராணுவத்துக்கு ஆள் எடுக்க வைத்த பெயர். அதை நாம் இறக்கி, விசிலும் குச்சியும் கொடுத்து, தெருமுனையில் உட்காரவைத்தோம். சினிமா அவருக்கு ‘ஷாப்’ என்று ஒரு உச்சரிப்பும் கொடுத்தது. பல பத்தாண்டுகளாக அந்த ஒரே ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

கூப்பிடுகிற விதத்தைக் கவனியுங்கள். இந்தி தெரியாத நம் ஆட்களும் நேபாளியைப் பார்த்ததும் ‘பையா’, ‘பாய்’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். நேபாளி மொழியில் அண்ணனுக்கு ‘தாய்’ (நம் தாய் இல்லை, தகரத்தை அழுத்தாமல் சொல்ல வேண்டும்), தம்பிக்கு ‘பாய்’. அக்காவுக்கு ‘திதி’, தங்கைக்கு ‘பஹினி’. முன்பின் தெரியாதவர்களைக்கூட வயசு பார்த்து இப்படித்தான் கூப்பிடுவார்கள். கடைக்காரர் அண்ணன், பஸ் கண்டக்டர் தம்பி. நமக்குப் புரியாத ஏற்பாடா இது? ஐம்பது வயசு மனிதரை இருபத்திரண்டு வயசு டெலிவரி எடுக்க வந்த பையன் ‘பாய்’ என்று கூப்பிட்டால், அவர் காதில் ‘டேய் தம்பி’ என்று விழுகிறது. முன்னிலைக்கும் அவர்கள் மொழியில் நான்கு படி உண்டு: த, திமி, தபாயிம், ஹஜூர். நம் நீ, நீர், நீங்கள், தாங்கள் மாதிரி. மரியாதையை இவ்வளவு நுணுக்கமாக அளக்கத் தெரிந்த இரண்டு கூட்டம் சந்திக்கும்போது, ஏதோ மூன்றாவது மொழியின் அரைகுறை மரியாதைக் குறைவில் பேசிக்கொள்கிறோம்.

2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது நினைவிருக்கும். வேட்டி கட்டிய குதிரை ஒன்றைச் சின்னமாக வைத்து, அதற்குத் ‘தம்பி’ என்று பெயர் வைத்தோம். பாலம், பஸ், சுவர் என்று எங்கே பார்த்தாலும் தம்பி வணக்கம் சொன்னார். நல்ல விஷயம், நானும் ரசித்தேன். அந்தப் பதினைந்து நாளும் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குப் படுக்கை விரித்த, பாத்திரம் கழுவின ஆட்களில் நேபாளிகள் உண்டு. குதிரையைத் தம்பி என்று கூப்பிட வந்த வாய்க்கு, மனிதரை அண்ணே என்று கூப்பிட ஏன் வரவில்லை?

இன்னொன்றும் உண்டு. ‘அந்த மூஞ்சி’ உள்ளவரெல்லாம் நேபாள நாட்டுக்காரர் இல்லை. டார்ஜிலிங்கிலும் சிக்கிமிலும் தலைமுறை தலைமுறையாக நேபாளி பேசும் இந்தியர்கள் இருக்கிறார்கள். 1992இல் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் நேபாளி மொழி சேர்ந்தது. தமிழ் இருக்கும் அதே பட்டியல். அவரிடம் போய் ‘எந்த நாடு?’ என்று கேட்பது, தில்லிக்காரன் நம்மிடம் ‘நீ ஸ்ரீலங்காவா?’ என்று கேட்பதைப் போன்றது. சரி, நேபாள நாட்டுக்காரராகவே இருக்கட்டும். ‘கள்ளத்தனமா பார்டர் தாண்டி வந்தவனுங்க சார்’ என்று டீக்கடையில் சொல்கிறார்கள். 1950 ஜூலை 31 அன்று இந்தியாவும் நேபாளமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அதன்படி ஒரு நாட்டவர் இன்னொரு நாட்டில் குடியிருக்கலாம், சொத்து வாங்கலாம், தொழில் செய்யலாம், போய்வரலாம். விசா தேவையில்லை. அவர் முறைப்படிதான் வந்திருக்கிறார். நமக்குத்தான் முறை தெரியவில்லை.

மோமோ

இரண்டாவது சொல் கொஞ்சம் நாசூக்கானது. இதைச் சொல்பவர்கள் டீக்கடைக்காரர்கள் இல்லை, என்னை மாதிரி ஆட்கள். ‘எனக்கு நேபாளி கல்ச்சர் ரொம்பப் பிடிக்கும்’ என்பார்கள். மேலே விசாரித்தால் ஓஎம்ஆரில் மோமோ சாப்பிட்டிருப்பார்கள், மயோனைஸ் தொட்டு.

மோமோ திபெத்திலிருந்து வந்தது. லாசாவுக்கு வியாபாரத்துக்குப் போய்வந்த காத்மாண்டு நேவார்கள் கொண்டுவந்தார்கள் என்பது அங்கே பரவலாகச் சொல்லப்படும் கதை. உள்ளே எருமைக் கறி வைத்து, தக்காளியும் எள்ளும் அரைத்த அச்சாரோடு சாப்பிடுவது காத்மாண்டு வழக்கம். நல்ல பண்டம்தான். ஆனால் ஒரு நாட்டின் சாப்பாடு அது என்று நினைப்பது, தென்னிந்தியா என்றால் இட்லி-டோசா என்று வடக்கே நினைப்பதற்குச் சமம். அப்படி நம்மைச் சுருக்கினால் முகநூலில் நாலு நாள் சண்டை போடுகிறோம்.

மலைக்கிராமத்து நேபாளி இரண்டு வேளையும் சாப்பிடுவது தால்-பாத்-தர்காரி: பருப்பு, சோறு, காய். கையால் பிசைந்து சாப்பிடுவார்கள். வழியில் எதிர்ப்பட்டால் ‘பாத் காயௌ?’ என்று விசாரிப்பார்கள். ‘சோறு சாப்டியா?’ என்று அர்த்தம். ‘ஹவ் ஆர் யூ’ என்ற கேள்வியின் இடத்தில் சாப்பாட்டை வைத்திருக்கும் இன்னொரு ஜனம் நம் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது, நாம் அதன் பக்கம் கையைக்கூட ஆட்டாமல் பைக்கில் போகிறோம். நெல் விளையாத உயரத்தில் டிண்டோ சாப்பிடுவார்கள். கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டித் துடுப்பால் கிண்டுவது. சோளம், பாப்பரை, கோதோ என்று எந்த மாவும் ஆகும். கோதோ என்றால் நேபாளியில் கேழ்வரகு. அப்படியென்றால் கோதோ டிண்டோ என்பது கேழ்வரகுக் களி. எங்கள் தாத்தா கருவாட்டுக் குழம்போடு உருட்டி விழுங்கியது. ‘களி திங்கிறவன்’ என்று நம் ஊரில் ஒரு காலத்தில் ஏளனம் செய்தார்கள். இப்போது ராகி மால்ட் டப்பாவை முன்னூறு ரூபாய்க்கு வாங்குகிறோம். நேபாளத்திலும் டிண்டோவுக்கு அதே கதைதான். ஏழையின் சாப்பாடு என்று ஒதுக்கப்பட்டு, இப்போது காத்மாண்டு ஓட்டல்களில் மெனுவில் ஏறியிருக்கிறது.

கடுகுக் கீரை, முள்ளங்கிக் கீரையை வாடவிட்டு, பானையில் அழுத்தி அடைத்து, புளித்ததும் வெயிலில் உலர்த்தினால் அது குந்துருக். பனிக்காலத்தில் காய் கிடைக்காதபோது அதில் ரசம் மாதிரி வைத்துக்கொள்வார்கள். அரிசியை ஊறவைத்து அரைத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து, கையாலேயே எண்ணெயில் வளையமாக ஊற்றிப் பொரித்தால் செல் ரொட்டி. நேவார்கள் மார்கழிப் பௌர்ணமியை ஒட்டி யோமரி செய்வார்கள்: அரிசி மாவுச் சொப்பு, உள்ளே வெல்லப்பாகு, ஆவியில் வேகவைத்தது. இதைப் படிக்கும் எந்த அம்மாவும் ‘அட, கொழுக்கட்டை’ என்பார். பிள்ளையாருக்கு நாம் செய்வதை நெல் அறுவடை முடிந்து அவர்கள் செய்கிறார்கள்.

ஆக, மோமோ சாப்பிட்டால் போதாது என்று சொல்லவில்லை. சாப்பிடுங்கள். சாப்பிடுவது பண்பாட்டை மதிப்பது ஆகாது என்றுதான் சொல்கிறேன். ரிசார்ட் அடுப்படியில் நின்று நமக்குப் பரோட்டாவும் பனீரும் போடுகிற அந்த மனிதர், தன் வேளைக்கு என்ன சாப்பிடுகிறார், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்பது தெரியாதவரை நமக்கு ஒரு பண்டம் தெரியும், அவ்வளவுதான்.

பசுபதிநாத்

மூன்றாவது சொல்லில்தான் அதிக ஆபத்து. இது அன்பு வேஷம் போட்டு வரும். ‘அவங்களும் நம்ம மாதிரி இந்துதான் சார், உலகத்துலேயே ஒரே இந்து நாடு’ என்று ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். நேபாளம் மன்னராட்சியைக் கைவிட்டுக் குடியரசானது 2008இல். அதற்கு முன்பே மதச்சார்பற்ற நாடு என்று அறிவித்தாயிற்று, 2015 அரசியல் சட்டமும் அதையே சொல்கிறது. நண்பருக்குத் தகவல் வந்து சேரவில்லை.

உறவு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நிறையவே இருக்கிறது. முக்திநாத் என்று அவர்கள் சொல்வது வைணவர்களின் 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம். ஆழ்வார்கள் பாடியது. நம் வீட்டுப் பூஜையறைச் சாளக்கிராமக் கல் கண்டகி ஆற்றில் எடுத்தது. எங்கள் மலையடிவாரக் கடைகளில் ‘ஒரிஜினல் நேபாளம்’ என்று சொல்லித்தான் ருத்திராட்சம் விற்பார்கள். விலையும் கூட. நேபாளத்துக் கொட்டைக்கு மதிப்பு இருக்கிறது. நேபாளத்து மனிதருக்குத்தான் இல்லை.

பண்டிகைகளைப் பாருங்கள். நம் நவராத்திரி முதல் நாளில் அவர்களுக்குத் தசைன் தொடங்குகிறது. அன்று இருட்டறையில் மணல் பரப்பி வாற்கோதுமை விதைப்பார்கள். ஒன்பது நாளில் வெளிர்மஞ்சளாக முளைத்து நிற்கும் அதற்குப் பெயர் ஜமரா. நம் முளைப்பாரி. ஒன்பதாம் நாள் கருவிகளுக்கும் வண்டிகளுக்கும் பூஜை. நாம் பூசணிக்காயில் குங்குமம் தடவி உடைக்கிறோம், அவர்கள் ஆடோ கோழியோ பலி கொடுப்பார்கள். 2007இல் ஒரு விமானத்தில் கோளாறு தீரவில்லை என்று நேபாள அரசு விமான நிறுவனம் இரண்டு ஆடுகளைப் பலியிட்டது உலகச் செய்தியானது. சிரித்தவர்களில் என் ஆபீஸ் நண்பர்களும் உண்டு. வருஷா வருஷம் சர்வர் ரூமுக்குச் சந்தனம் வைப்பவர்கள். பத்தாம் நாள் பெரியவர்கள் அரிசி, தயிர், சிவப்புப் பொடி குழைத்து நெற்றியில் அப்பி, காதில் ஜமரா சொருகி, கையில் காசு கொடுத்து ஆசீர்வாதம் செய்வார்கள். அதுதான் டீகா.

தீபாவளியை ஒட்டித் திஹார், ஐந்து நாள். முதல் நாள் காக்கைக்கு, இரண்டாம் நாள் நாய்க்கு மாலை போட்டுப் பொட்டு வைத்துச் சாப்பாடு, அப்புறம் மாடு, லட்சுமி. ஐந்தாம் நாள் அக்கா தங்கைகள் சகோதரனுக்கு ஏழு நிறத்தில் பொட்டு வைத்து மாலை போடுவார்கள். அந்த மாலை வாடாமல்லிப் பூவில் கட்டியது. பூ வாடாத மாதிரி அவன் ஆயுசும் வாடக் கூடாது என்று. பொங்கலுக்கு மறுநாள் சில வீடுகளில் பெண்கள் கனுப்பிடி வைத்து, காக்கையைக் கூப்பிட்டு, கூடப்பிறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வது ஞாபகம் வருகிறதா? காக்கையும் சகோதரனும் அங்கேயும் ஒரே பண்டிகைக்குள் இருக்கிறார்கள்.

இவ்வளவு ஒற்றுமையை அடுக்கிவிட்டு, இதனால்தான் அவர்களை மதிக்க வேண்டும் என்று முடித்தால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அது தப்பான கணக்கு. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நேபாளத்தில் 124 தாய்மொழிகள் பதிவாகியிருக்கின்றன. தசைனையே ‘எங்கள் மேல் திணித்த பண்டிகை’ என்று 1990க்குப் பிறகு புறக்கணித்த மலை இனத்தவர்கள் உண்டு. சிவப்புப் பொடி சேர்க்காமல் வெள்ளை டீகா மட்டும் வைப்பவர்கள் உண்டு. தமாங், குருங் மக்களுக்கு லோசார் புத்தாண்டு. லிம்புக்கள் சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் கினேமாவுக்கு நம் சமையலில் ஜோடி கிடையாது. நம் பொங்கல் சமயத்தில் தாரு மக்களுக்கு மாகி, அவர்களின் புத்தாண்டு. அந்த மாகிக்குக் கசப்பான ஒரு சரித்திரம் உண்டு. கமையா என்ற கொத்தடிமை முறையில் பண்ணையாரோடு வருஷ ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்ட நாள் அது. அந்த முறையை நேபாள அரசு 2000 ஜூலையில்தான் ஒழித்தது. இப்போது சொல்லுங்கள், வாசலில் நிற்பவர் தாருவாக இருந்தால் ‘நாமெல்லாம் ஒண்ணு’ என்று அவரிடம் எதைக் காட்டிச் சொல்வீர்கள்? நம்மைப் போல இருப்பதால் மரியாதை என்றால், நம்மைப் போல இல்லாத நாளில் அந்த மரியாதையைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று ஆகிறது.

தமிழர்களுக்கு இது புத்தகப் பாடம் இல்லை. இலங்கையில் 1948இல் ஒரு குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. பூட்டானில் 1985இல் ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. பின்னாலேயே பூட்டானிய உடைதான் உடுத்த வேண்டும் என்ற கட்டாயம், பள்ளிக்கூடத்தில் நேபாளி மொழி நிறுத்தம். 1990ஐ ஒட்டிய வருஷங்களில் நேபாளி பேசும் ஒரு லட்சம் பேர் வெளியேற வேண்டியதாகி, கிழக்கு நேபாளத்து முகாம்களில் வருஷக்கணக்கில் கிடந்தார்கள். மலையில் தோட்டமும் வயலும் உண்டாக்கிய ஜனத்தை, வேலை முடிந்ததும் ‘நீ யார்?’ என்று கேட்பது எப்படி இருக்கும் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்?

என் ஊரின் பெயரிலேயே கழுகு இருக்கிறது. வேதகிரீஸ்வரர் மலையில் உச்சிவேளைக்கு இரண்டு பாப்பாத்திக் கழுகுகள் வந்து, மலைமேல் வைக்கும் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுப் போகும். வடக்கே காசியில் குளித்துவிட்டு இங்கே சாப்பிட வருவதாகக் கதை சொல்வார்கள். அப்பா தலைமுறை கண்ணால் பார்த்தது. 1990களோடு வருகை நின்றுபோயிற்று. ஏன் என்று ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், கலிகாலம் உட்பட. தெற்காசியா முழுக்கப் பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்ததற்கு மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசிமருந்து பெரிய காரணம் என்று 2004இல் தெரியவந்தது. 2006இல் இந்தியாவும் நேபாளமும் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தன. அதே 2006இல் நேபாளத்தில் சித்வன் காட்டுப் பக்கம் பித்தௌலி என்ற கிராமத்தில் ஊர்க்காரர்கள் சேர்ந்து கழுகுகளுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை ஆரம்பித்தார்கள். ஜடாயு ரெஸ்டாரென்ட் என்று பெயர். கிழட்டு மாடுகளை வாங்கி, அந்த மருந்து போடாமல் பராமரித்து, தானாகச் செத்த பிறகு கழுகுகளுக்கு வைக்கிறார்கள். கழுகுகள் வருகின்றன. நாம் கழுகைப் பற்றி ஸ்தல புராணம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கழுகுக்குச் சோறு போடும் பழக்கத்தை இன்றைக்கு நடத்துபவர்கள் அவர்கள்.

பதினைந்து நாள்

இப்போது என் கோரிக்கை. எங்கள் குடியிருப்புக் காவலர் மேற்கு நேபாள மலை மாவட்டத்துக்காரர். தசைன் கொண்டாடும் குடும்பம். இங்கே வந்து ஏழு வருஷம் ஆகிறது. தமிழ் நன்றாகவே பேசுவார். ‘ஏழு வருஷத்துல ஒரு வாட்டிதான் சார் தசைனுக்குப் போனேன். மத்த வருஷம் போன்லதான். அம்மா ஸ்கிரீன் மேலயே டீகா வெச்சிட்டாங்க, போன் எல்லாம் தயிரு’ என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பண்டிகைக்கு லீவு கிடைக்காதா என்று கேட்டேன். ‘ஆயுத பூஜைக்கு எல்லாரும் ஊருக்குப் போயிடுவாங்க இல்ல சார், அப்ப நான்தானே இருக்கணும்’ என்றார்.

இதுதான் விஷயம். இரண்டு நாட்டுக்கும் ஒரே நாளில் பண்டிகை வருவதால்தான் அவருக்குப் பண்டிகை இல்லை. நாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு அம்மாவைப் பார்க்கப் போவதற்காக, அவர் தன் அம்மாவைப் பார்க்காமல் இருக்கிறார்.

‘ரெண்டு நாள் லீவு குடுத்துடலாமே’ என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. சென்னையிலிருந்து கோரக்பூருக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு நாள். அங்கிருந்து பஸ் பிடித்து சுனௌலி எல்லை. எல்லை தாண்டி மலைக்கு மறுபடி பஸ். மழையில் ரோடு சரிந்திருந்தால் இன்னொரு நாள். போக நாலு நாள், வர நாலு நாள். வீட்டில் ஒரு வாரம் இருக்க வேண்டுமென்றால் பதினைந்து நாள். தசைனும் சரியாகப் பதினைந்து நாள்தான், பிரதமையில் தொடங்கிப் பௌர்ணமியில் முடியும்.

இதை எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் வைத்தேன். 42 வீடுகள். பதினைந்து ராத்திரிக்கு மாற்று ஆள் நாளைக்கு 700 ரூபாய் என்றால் 10,500. வீட்டுக்கு 250. காவலரின் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை. வந்த பதில்கள்: ‘அவன் ஏஜென்சி ஆளு, நமக்கு எதுக்கு?’ ‘இவனுக்குக் குடுத்தா ஹவுஸ்கீப்பிங் லேடியும் கேக்கும்.’ ‘போனா திரும்பி வருவான்னு என்ன கேரண்டி?’ கூட்டம் முடிந்தது. அடுத்த அஜெண்டா, கொலுவுக்கு லைட் செட்டிங். அதற்கு வீட்டுக்கு 400 ரூபாய் ஐந்து நிமிஷத்தில் பாஸ் ஆனது.

மறுப்புகளுக்கு

‘ஹவுஸ்கீப்பிங் அம்மாவும் கேட்பார்.’ கேட்கட்டும். கேட்க வேண்டியதுதான். தமிழ்நாட்டில் தொழிற்கூடங்களுக்கு 1958லேயே பண்டிகை விடுமுறைச் சட்டம் போட்டார்கள். தேசிய விடுமுறைகளோடு சம்பளத்துடன் ஐந்து பண்டிகை நாள். வேலை செய்பவருக்குப் பண்டிகை உண்டு என்பது இந்த மாநிலத்தில் அறுபது வருஷத்துக்கு மேலான எண்ணம். அடுக்குமாடி வாசலில் வந்ததும் அது ஏன் மறந்துபோகிறது?

‘உள்ளூர்க்காரனுக்கே வேலை இல்லை, இவனுங்களுக்கு எதுக்கு?’ இந்தக் கேள்வியை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். கேட்கிறவர்களில் என் கூடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு, வார விடுமுறை இல்லாமல், பண்டிகை இல்லாமல் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்ற நிலைமைதான் உள்ளூர்க்காரரை வெளியே தள்ளுகிறது. அந்த நிலைமையை உண்டாக்கியது நேபாளி இல்லை, ஆள் எடுக்கிற ஏஜென்சியும் பராமரிப்புக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்கிற நாமும்தான். லீவும் சம்பளமும் எல்லாருக்கும் ஒன்று என்று ஆனால், மலிவு என்பதற்காக மட்டும் யாரையும் எடுக்க முடியாது. அது உள்ளூர்க்காரருக்கும் லாபம்.

‘பேப்பர்ல வருதே, நேபாளிங்க நகை எடுத்துட்டு ஓடிட்டாங்கன்னு.’ வருகிறது. குற்றம் செய்தவரைப் போலீஸ் பிடிக்கட்டும். போலீஸ் வெரிஃபிகேஷன் செய்யுங்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் 42 வீட்டின் கேட் சாவியை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் ‘பகதூர்’ என்று கூப்பிடும் நீங்கள் பாதுகாப்பைப் பற்றிப் பேசலாமா? அவர் ஊர் எது, வீட்டில் யார் யார், எந்தப் பண்டிகைக்குப் போவார், என்றைக்குத் திரும்புவார் என்று தெரிந்து வைத்திருப்பதைவிடப் பெரிய வெரிஃபிகேஷன் எது?

கடைசியாக ஒரு மறுப்பு. ‘வந்த இடத்துல வந்த இடத்து வழக்கப்படிதான் இருக்கணும்.’ இதைச் சொன்னவரின் மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறார். தமிழன் போன இடத்திலெல்லாம் கோயில் கட்டினான், காவடி எடுத்தான், பண்டிகைக்கு லீவு கேட்டான். 1968இல் சிங்கப்பூர் தைப்பூசத்தைப் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து எடுத்தது. அதைத் திருப்பித் தாருங்கள் என்று அங்கே குரல்கள் இன்றும் எழுகின்றன, அதில் ஒரு தப்பும் இல்லை. 2023இல் நியூயார்க் நகரப் பள்ளிகளுக்குத் தீபாவளி விடுமுறை சட்டமானபோது நம் வாட்ஸ்அப் குரூப்பில் பட்டாசு எமோஜியாகக் கொட்டியது. கொட்டியவர்களில் பாதிப் பேர் எங்கள் சங்கக் கூட்டத்தில் கை தூக்காதவர்கள்.

நேபாளியில் ‘லாஹுரே’ என்று ஒரு சொல் உண்டு. ரஞ்சித் சிங்கின் படையில் சேர லாகூருக்குப் போனவர்களை அப்படிச் சொல்ல ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் பிழைக்க வெளியே போனவர் லாஹுரேதான், கத்தாருக்குப் போனாலும் செங்கல்பட்டுக்கு வந்தாலும். நம்மிடம் ரங்கூன்காரர் வீடு, சிங்கப்பூரார் வீடு, துபாய்க்காரர் வீடு என்று தெருவுக்குத் தெரு இருக்கிறது. அந்த வீட்டு அம்மாக்கள் எந்தப் பண்டிகையையும் போனில்தான் கொண்டாடினார்கள், அதற்கு முன்னால் கடிதத்தில். இந்த வலியை ஒருவருக்கொருவர் விளக்க வேண்டிய அவசியமே இல்லாத இரண்டு ஜனங்கள் நாம்.

ஆகவே, இதைப் படிப்பவர்கள் எந்தக் குடியிருப்பில் இருந்தாலும் மூன்று காரியம் செய்யுங்கள். உங்கள் வாசலில் இருப்பவரின் பெயரைக் கேட்டு, ரெஜிஸ்டரில் அந்தப் பெயரை எழுதச் செய்யுங்கள். அவருடைய பண்டிகை தசைனா, லோசாரா, மாகியா என்று அவரிடமே கேளுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அந்தப் பண்டிகைக்குச் சம்பளத்தோடு பதினைந்து நாள் என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவாருங்கள். முதல் தடவை தோற்கும். எனக்கும் தோற்றது. கோரக்பூர் டிக்கெட் பண்டிகைச் சீசனில் இரண்டு மாதம் முன்பே தீர்ந்துவிடுகிறது. அதனால் இந்த வருஷம் ஆடி மாதக் கூட்டத்திலேயே மறுபடி வைக்கப்போகிறேன், 42 வீட்டில் 22 வீட்டுக் கையெழுத்தோடு. இதுவரை ஒன்பது வாங்கியிருக்கிறேன்.